நூத்திப்பத்து: ஊர்ப்பேச்சே சாட்சியாகும் சட்டம்

"நன்னடத்தைப் பிணையை மீறிய வாலிபர் சிறையில் அடைப்பு." நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் இந்தத் தலைப்பை நீங்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். நான்கு வரிச் செய்தி. பெயர், வயது, தகப்பன் பெயர், தெரு. "இவர் மீது பல வழக்குகள் நிலுவையில் உள்ளன" என்று ஒரு வரி. கோட்டாட்சியர் உத்தரவின் பேரில் சேலம் மத்திய சிறையில் அடைத்தனர் என்று இன்னொரு வரி. அந்தப் பிணையில் என்ன எழுதியிருந்தது, அதை அவர் எப்படி மீறினார், மீறியதை யார் நிரூபித்தார்கள், அன்றைக்கு அவர் பக்கத்தில் ஒரு வக்கீல் நின்றாரா என்பது எதுவும் அந்த நான்கு வரிக்குள் இருக்காது. தெருவின் பெயர் மட்டும் இருக்கும். எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் தெருவின் பெயரை வைத்தே மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

கொலை நடந்தால் நம் அமைப்புகள் வருகின்றன. வீடு எரிந்தால் உண்மை அறியும் குழு வருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியச் சொல்லிச் சாலையில் உட்காருகிறோம். ஆனால் தாசில்தார் அலுவலக வராந்தாவில், ஒரு அச்சடித்த படிவத்தில் காலனிப் பையன் கையெழுத்துப் போடும்போது அங்கே யாரும் இருப்பதில்லை. அது சின்ன விஷயம், ஒரு ஃபார்மாலிட்டி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அழைத்துப்போகும் காவலரும் அதையேதான் சொல்கிறார். பல மாதச் சிறைவாசம் தொடங்குவது அந்தக் கையெழுத்தில்தான் என்பதே எங்கள் வாதம்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். ஸ்டேஷனில் "நூத்தியேழு", "நூத்திப்பத்து" என்று சொல்வது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகளை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்த பிறகு அவை 126, 129 ஆகிவிட்டன. எண்தான் மாறியது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவை 107, 110 என்றே இருந்தன. வெள்ளைக்காரன் போட்ட எண்ணை நூற்றிருபத்தைந்து வருடம் கழித்து மாற்றிவிட்டு, அதற்குக் காலனிய நீக்கம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் சரக்கு பழையதுதான்.

107 என்பது சமாதானத்தைக் காப்பதற்கான பிணை. ஒருவர் அமைதியைக் குலைக்கக்கூடும் என்று தகவல் வந்தால், ஓராண்டுக்கு மிகாமல் பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம். 110 என்பது நன்னடத்தைக்கான பிணை. வழக்கமாகத் திருடுபவர், வழக்கமாக அமைதியைக் குலைப்பவர், வெளியே விட்டால் ஆபத்து என்று கருதப்படுபவர் என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. அவர்களிடம் மூன்றாண்டு வரைக்கும் எழுதி வாங்கலாம். இரண்டையும் விசாரிப்பவர் நீதிபதி அல்ல. நிர்வாக நடுவர் என்ற தொப்பியைப் போட்டுக்கொண்ட வருவாய்த்துறை அதிகாரி. எங்கள் மாவட்டத்தில் தர்மபுரி, அரூர் கோட்டாட்சியர்களும் வட்டாட்சியர்களும். காலையில் பட்டா மாறுதல், மதியம் ரேஷன் புகார், நடுவில் ஒரு மனிதனின் சுதந்திரம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பிணை எழுதிக் கொடுப்பவர் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவர் எதையாவது செய்யக்கூடும் என்பதே போதும். அதை எப்படி நிரூபிப்பது? பழைய சட்டத்தின் 116(4), இப்போதைய 135(4) வழி சொல்கிறது: ஒருவர் வழக்கமான குற்றவாளி என்பதை அவருக்குள்ள பொதுப்பெயரை வைத்தே நிரூபிக்கலாம். அதாவது ஊரில் நாலு பேர் அவரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதே சாட்சியம்.

எந்த ஊர்? எந்த நாலு பேர்? சமூகவியல் வகுப்பில் ஊர், சேரி என்று கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டுப் படித்தோம். இந்தச் சட்டம் எழுதியவர்களுக்கு ஒரே ஒரு வட்டம்தான் தெரியும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்திய கிராமத்தைப் பற்றி என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும். கிராமத்தை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக மகிழ்கிறேன் என்றார். அவர் அரசியல் சட்டத்தில் உள்ளே விடாத அந்தக் கிராமம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பின்வாசல் வழியாக வந்து சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கும், புல்லட் வாங்கியவனுக்கும், திருவிழாவில் அம்பேத்கர் படம் வைத்தவனுக்கும் ஊரில் என்ன பெயர் என்று நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "திமிர் புடிச்சவன்." அதுதான் பொதுப்பெயர்.

நல்ல பெயரைப் பற்றிப் பேசுவதென்றால் எங்கள் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1992 ஜூன் 20 அன்று அரூர் பக்கத்தில் வாச்சாத்திக்குள் நுழைந்தவர்கள் 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என்று எல்லோரும் அரசு ஊழியர்கள். ஊரில் கையெடுத்துக் கும்பிடப்பட்டவர்கள். 18 பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் வருவாய்த்துறையினரும் உண்டு. அதே வருவாய்த்துறையின் மேசையில்தான் இன்றைக்கு நம் பையன்களின் நன்னடத்தை அளக்கப்படுகிறது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. எரித்த கூட்டத்தில் எத்தனை பேருக்கு முந்தைய நாள் வரை ஹிஸ்டரி ஷீட் இருந்திருக்கும்? எத்தனை பேரைப் பற்றி ஊரில் கெட்ட பேச்சு இருந்திருக்கும்? பொதுப்பெயர் என்ற அளவுகோலை வைத்திருந்தால் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானோர் நன்னடத்தைச் சான்றிதழோடு வெளியே வந்திருப்பார்கள்.

இனி மீறலுக்கு வருவோம். நாங்கள் பார்க்கும் வழக்குகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. பெயரும் ஊரும் வேண்டாம், பல வீடுகளின் கதையைச் சேர்த்துச் சொல்கிறோம். கோயில் திருவிழாவில் தகராறு. ஊர்க்காரர்கள் பத்துப் பேர், காலனிக்காரர்கள் பத்துப் பேர் மீது "இரு தரப்பு" என்று 107. அடி வாங்கியவனும் அடித்தவனும் ஒரே படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அரசு நடுநிலை காட்டிவிட்டதாம். காலனிப் பையன் ஓசூரிலோ பெங்களூரிலோ கட்டட வேலைக்குப் போகிறவன். லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று ராத்திரியே பஸ் ஏறிவிடுகிறான். படிவத்தில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது, நகலும் கொடுக்கவில்லை. நாலு மாதம் கழித்துப் பொங்கலுக்கு வருகிறான். டீக்கடையில் வாய்த்தகராறு. ஊர்க்காரர் ஒருவர் புகார் கொடுக்கிறார். முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. அந்த வழக்கில் ஜாமீன் கிடைக்கும், சின்ன வழக்குதான். ஆனால் இன்ஸ்பெக்டர் இன்னொரு கடிதம் எழுதுகிறார்: இவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த பிணையை மீறிவிட்டார். அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பிணைக்காலத்தில் மீதியிருக்கும் எட்டு மாதத்துக்குச் சிறை.

டீக்கடைச் சண்டையில் யார் மீது தப்பு என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த வழக்கில் அவன் விடுதலைகூட ஆகலாம். எட்டு மாதச் சிறை ஏற்கெனவே முடிந்திருக்கும். மேஸ்திரி வேறு ஆள் பார்த்திருப்பார். "பிணையை மீறி ஜெயிலுக்குப் போனவன்" என்ற வரி அவனுடைய பொதுப்பெயரில் சேர்ந்திருக்கும். அடுத்த 110க்கு அது சாட்சியம்.

இதற்குப் பக்கத்தில் உண்மையான நன்னடத்தைச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று 1958இல் இருந்து இருக்கிறது. சென்னை மாகாணத்தில் அதற்கும் முன்னால் 1936லேயே இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் மூன்றாண்டு வரை வெளியே விடுவதற்கான சட்டம் அது. அவர் நிபந்தனையை மீறினால்? 9ஆம் பிரிவு சொல்கிறது: நீதிமன்றம் சம்மனோ வாரண்டோ அனுப்ப வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். மீறியது உறுதியானால் பழைய குற்றத்துக்குத் தண்டனை தரலாம். முதல் முறை என்றால் ஐம்பது ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு பிணையைத் தொடரவும் விடலாம். ஆமாம், ஐம்பது ரூபாய். குற்றம் நிரூபணமாகித் தண்டிக்கப்பட்டவர் நன்னடத்தையை மீறினால் நீதிபதி விசாரிக்கிறார், ஐம்பது ரூபாயோடு முடியக்கூட வாய்ப்பிருக்கிறது. எந்தக் குற்றமும் நிரூபணமாகாதவர் மீறினார் என்று ஒரு இன்ஸ்பெக்டர் எழுதினால் வருவாய் அதிகாரி எட்டு மாதம் உள்ளே வைக்கிறார். இரண்டுக்கும் பெயர் நன்னடத்தை.

அமெரிக்காவில் நன்னடத்தை மீறல் என்பதே சிறையை நிரப்பும் பெரிய வாய்க்கால். ராப் பாடகர் மீக் மில்லை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். 2007இல், பத்தொன்பது வயதில் கைதானவர். பத்தாண்டு கழித்து 2017 நவம்பரில், நன்னடத்தை நிபந்தனைகளை மீறினார் என்று சொல்லி 2 முதல் 4 ஆண்டு சிறை என்றார்கள். பெரிய போராட்டம் நடந்து 2018 ஏப்ரலில் வெளியே வந்தார். கறுப்பின மக்களுக்கு அங்கே அது எவ்வளவு பெரிய வலை என்பது அப்போதுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த நாட்டில்கூட, 1973இல் உச்ச நீதிமன்றம் காக்னன் எதிர் ஸ்கார்பெல்லி வழக்கில், நன்னடத்தையை ரத்து செய்யும் முன் விசாரணை கட்டாயம் என்றது. தேவைப்படும் வழக்கில் அரசே வக்கீல் தர வேண்டும் என்றும் சொன்னது. 1983இல் பியர்டன் எதிர் ஜார்ஜியா வழக்கில், கட்டப் பணமில்லாத ஏழ்மையை மீறலாகக் கருதிச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்றது. ஜாமீன்தாரர் கிடைக்காமலேயே உள்ளே போகும் நம்மவர்களுக்கு இந்த இரண்டாவது தீர்ப்பின் வலி நன்றாகப் புரியும். சொத்துப் பத்திரம் கேட்கிறார்கள். பஞ்சமி நிலம் போன கதையைச் சொன்னால் பத்திரம் ஆகுமா?

இந்தியாவில் நீதிமன்றங்கள் பேசவே இல்லை என்று சொன்னால் அது பொய். 1970இல் மது லிமாயே வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்தப் பிரிவுகள் செல்லும் என்றுதான் சொன்னது. ஆனால் தகவல் உண்மையா என்ற விசாரணையைத் தொடங்காமல் இடைக்காலப் பிணை கேட்க முடியாது என்றும் கட்டுப் போட்டது. 1980இல் கோபாலனாச்சாரி வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 110ஆம் பிரிவு எப்படி ஏழைகளைப் பிடித்துப் போடும் கருவியாகிறது என்று வெளிப்படையாக எழுதினார். ஒரு சிறைவாசி எழுதிய கடிதத்தில் தொடங்கிய வழக்கு அது. நீங்கள் சட்டக் கல்லூரி மாணவரென்றால் இந்த இரண்டையும் இந்த வாரமே படித்துவிடுங்கள்.

அதைவிட நமக்கு நெருக்கமானது சென்னை உயர் நீதிமன்றத்தின் 2023 மார்ச் 13 தீர்ப்பு. சதீஷ் என்கிற சதீஷ்குமார் வழக்கு. நீதிபதிகள் என். சதீஷ்குமார், என். ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு. போலீஸ் துணை ஆணையர்களுக்கே நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்த 2013, 2014 அரசாணைகளை அந்த அமர்வு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தூக்கியெறிந்தது. பிடிப்பவரே விசாரித்துச் சிறையும் கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்ற கேள்விதான். இது ஆணையரகம் உள்ள நகரங்களுக்கு. நம் மாவட்டத்துக்கு அந்தத் தீர்ப்பின் இன்னொரு பகுதி முக்கியம்: 107இல் எழுதிக் கொடுத்த பிணையை மீறினார் என்பதற்காக நிர்வாக நடுவர் தாமாகவே சிறைக்கு அனுப்ப முடியாது, நீதித்துறை நடுவர் முன்னால் கொண்டுபோய்த்தான் விசாரித்துத் தண்டிக்க வேண்டும். அப்படியென்றால் நாம் மேலே சொன்ன அச்சு வழக்கில் பையனை ஜெயிலுக்கு அனுப்பிய கையெழுத்துக்கு அதிகாரமே கிடையாது. இதை அங்கேயே எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் அவன் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பான்.

சட்டத்தின் வாசகத்திலேயே இன்னும் பல பிடிகள் இருக்கின்றன. பிணை மீறலுக்குச் சிறை என்று சொல்லும் பழைய 122(1)(b), இப்போதைய 141(1)(b), சமாதானத்தைக் காப்பதற்காக எழுதிய பிணையைப் பற்றித்தான் பேசுகிறது. நன்னடத்தைப் பிணை என்ற சொல் அந்த உட்பிரிவில் இல்லை. 110இல் எழுதி வாங்கிவிட்டு இந்தப் பிரிவின் கீழ் உள்ளே தள்ளும் உத்தரவு எதைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. அடுத்து, மீறினார் என்று "நிரூபிக்கப்பட" வேண்டும், நிரூபணத்தின் காரணங்களை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும். புது முதல் தகவல் அறிக்கை ஒன்று இருக்கிறது என்பது நிரூபணம் ஆகாது. அது ஒரு புகார், அவ்வளவுதான்.

பிணை எழுதி வாங்கும் கட்டத்துக்கும் இதே கதைதான். 111ஆம் பிரிவின்படி (இப்போது 130) என்ன தகவல் வந்தது, எவ்வளவு தொகை, எத்தனை காலம், எத்தனை ஜாமீன்தாரர் என்று எழுத்துப்பூர்வமான உத்தரவு முதலில் வர வேண்டும். பிறகு நடக்க வேண்டியது சம்மன் வழக்கைப் போன்ற விசாரணை. சாட்சி வர வேண்டும், குறுக்கு விசாரணை செய்யலாம். ஆறு மாதத்துக்குள் முடியாவிட்டால், தனிக் காரணம் எழுதி நீட்டித்தால் ஒழிய, விசாரணை தானாகவே காலாவதி. பிணைத் தொகை ஆளின் வசதிக்கு மீறியதாக இருக்கக் கூடாது. பெங்களூரில் வேலை செய்கிற பையன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வரத் தேவையில்லை, தக்க காரணம் காட்டினால் வக்கீல் மூலம் ஆஜராக அனுமதிக்கலாம் என்று பழைய 115ஆம் பிரிவு, இப்போதைய 134, சொல்கிறது. வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் "கையெழுத்துதானே, போட்டுட்டுப் போயிடலாம்" என்று போடுகிறார்கள். இந்த ஒரு பிரிவைத் தெரிந்துகொண்டாலே பல கையெழுத்துகள் விழாது.

"அது கோர்ட் இல்லையே, தாசில்தார் ஆபீஸ்தானே, அங்கே எதற்கு வக்கீல்?" இதை நம்மவர்களே கேட்கிறார்கள். சில வக்கீல்களும் கேட்கிறார்கள், அதுதான் கொடுமை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உரிமை உண்டு. அதே சட்டம் நீதிமன்றம் என்ற சொல்லுக்குள் வருவாய் நீதிமன்றத்தையும், நீதித்துறை போன்ற பணியைச் செய்யும் எந்த அதிகார அமைப்பையும் சேர்த்துத்தான் விளக்கம் தருகிறது. ஆகவே கோட்டாட்சியர் முன்னால் நடக்கும் 110 விசாரணைக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் தர வேண்டும். சலுகை அல்ல. 1986இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறது: குற்றஞ்சாட்டப்பட்டவர் கேட்கவில்லை என்பதால் சட்ட உதவி மறுக்கப்படக் கூடாது. கேட்கத் தெரியாதவருக்குத்தானே அது தேவை.

எங்கள் கோரிக்கை எளிமையானது. நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி மையம் இருப்பதுபோல, 107, 110 வாய்தா நடக்கும் நாட்களில் தர்மபுரி, அரூர் கோட்டாட்சியர் அலுவலகங்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் ஒரு சட்ட உதவி வக்கீல் உட்கார வேண்டும். வெறும் ஒரு நாற்காலி, ஒரு மேசை. தேர்தல் நேரத்தில் கட்டுக்கட்டாக 107 போடும் நிர்வாகத்துக்கு அந்தக் கட்டுகளில் ஒவ்வொரு பேருக்கும் ஒரு வக்கீல் தரும் கடமையும் இருக்கிறது. நம் கட்சிகளும் அமைப்புகளும் இதை ஒரு கோரிக்கையாகக்கூட இதுவரை பெரிதாக எழுப்பவில்லை. தலைவர் வரும் கூட்டத்துக்கு ஃப்ளெக்ஸ் வைக்கும் பையன் மீதுதான் நூத்தியேழு விழுகிறது. தலைவரின் கார் போன பிறகு அவனோடு வட்டாட்சியர் அலுவலகம் வரைக்கும் நடந்துபோக வக்கீல் அணியில் ஒருவரைக் காணோம். கசப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் எழுதுகிறோம்.

வாச்சாத்தியில் தண்டனை பெற்றவர்கள் மேல்முறையீடு செய்து பிணையில் வெளியே இருந்தார்கள். உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்து, அவர்களைப் பிடித்து உள்ளே அனுப்பச் சொன்னது. முதல் தீர்ப்புக்கும் அதற்கும் நடுவில் பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடமும் அவர்களுக்கு நல்ல வக்கீல்கள் இருந்தார்கள். அது தவறு என்று சொல்ல மாட்டோம், எவருக்கும் வக்கீல் இருக்க வேண்டும். காலனிப் பையனுக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்காவது ஒருவர் வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

"அப்படியென்றால் நிஜமான ரவுடிகளை என்ன செய்வது? கஞ்சா விற்பவன் காலனியிலும்தானே இருக்கிறான்?" இது நியாயமான கேள்வி, காலனித் தாய்மார்களே எங்களிடம் கேட்பது. செய்த குற்றத்துக்கு வழக்குப் போடுங்கள், சாட்சியைக் கொண்டுவாருங்கள், நீதிமன்றத்தில் நிரூபியுங்கள், தண்டனை வாங்கிக் கொடுங்கள். யாரும் குறுக்கே நிற்கவில்லை. புலனாய்வு செய்யச் சோம்பல்பட்டு, நிரூபிக்க முடியாத வழக்குக்குப் பதிலாகப் பிணையைப் போட்டு உள்ளே வைப்பதற்குப் பெயர் குற்றத்தடுப்பு அல்ல. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தவர்களும் தடுப்பு என்றுதான் சொன்னார்கள். சென்னை மாகாணத்தில் 1911இல் அது வந்தது, 1947இல் போனது. போன மறுவருடமே, 1948இல், வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சாதியின் பெயரை எடுத்துவிட்டு "வழக்கம்" என்ற சொல்லை வைத்தார்கள். 110இல் இருப்பதும் அதே சொல்தான்.

கடைசியாக, நம்மில் பலர் படிக்காமல் விட்டுவிடும் ஒரு பிரிவு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 17. பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஒருவரோ ஒரு கூட்டமோ வன்கொடுமை செய்யக்கூடும் அல்லது செய்வோம் என்று மிரட்டியிருக்கிறது என்று தகவல் வந்தால், மாவட்ட ஆட்சியர் முதல் எந்த நிர்வாக நடுவரும், டிஎஸ்பிக்குக் குறையாத காவல் அதிகாரியும் அந்தப் பகுதியை வன்கொடுமை நிகழக்கூடிய பகுதி என அறிவித்து, சமாதானத்துக்கும் நன்னடத்தைக்குமான நடவடிக்கை எடுக்கலாம். அதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் பொருந்தும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. எட்டாம் அத்தியாயம் என்றால் நாம் இவ்வளவு நேரம் பேசிய 107ம் 110ம்தான். அதாவது, மிரட்டுபவனிடம் பிணை வாங்குவதற்காகப் பாராளுமன்றம் இந்தக் கருவியைக் குறிப்பாக எடுத்துக் கொடுத்திருக்கிறது. அதை எடுத்து மிரட்டப்பட்டவன் கழுத்தில் வைத்துவிட்டு "இரு தரப்பு" என்கிறார்கள். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு இன்னொரு கதவையும் மூடியிருக்கிறது: வன்கொடுமைக் குற்றத்தில் தண்டிக்கப்படும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் சலுகை கிடையாது.

எனவே மாணவத் தோழர்களே, உங்கள் ஊரில் அடுத்த திருவிழாவுக்கோ தேர்தலுக்கோ முன்னால் மிரட்டல் வந்தால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். யார், எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன வார்த்தை சொன்னார் என்று எழுதி, 17ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, கோட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் டிஎஸ்பிக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள், ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு "இரு தரப்பு" என்று 107 வந்தால் விசாரணையில் முதலில் தாக்கல் செய்ய வேண்டிய ஆவணம் அதுதான். சம்மன் வந்துவிட்டால் அதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, அன்றே 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள், இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலோ வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ நேரில் போய் எழுத்தில் வக்கீல் கேளுங்கள். வக்கீல் வரும்வரை வாய்தா கேட்டு மனு கொடுங்கள், படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் பிணையின் நகலுக்கு இப்போதே மனு போட்டு, கடைசித் தேதி எது என்று பார்த்து வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். மீறல் என்று யாரையாவது உள்ளே அனுப்பிவிட்டார்கள் என்றால் அந்த உத்தரவின் நகல்தான் முதல் தேவை. அதில் நிரூபணத்துக்கான காரணம் எழுதியிருக்கிறதா, எந்தப் பிரிவில் பிணை வாங்கியிருக்கிறார்கள், கையெழுத்து யாருடையது என்று பார்த்துவிட்டு மறுநாளே வக்கீலிடம் கொடுங்கள். சென்னையிலும் மதுரைக் கிளையிலும் இப்படிப்பட்ட உத்தரவுகள் பலமுறை ரத்தாகியிருக்கின்றன. போகாத உத்தரவு மட்டும்தான் அப்படியே நிற்கிறது.